கதவுக்கு ஒரு காலுறை

ஏப்ரல் கடைசியில் வந்தது பெட்டி.
அனுப்பியவன் என் தம்பி சீவெர்ட்.
போன பனிக்காலத்தில்
கோழிக்கூட்டுக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து
என் இடுப்பெலும்பு விரிசல் விட்டதை
நடுக்கடல் எண்ணெய் மேடையில் நின்றபடி
தொலைபேசியில் கேட்டவன்.
உள்ளே ஒரு துண்டுச் சீட்டு:
"இனி ராத்திரியில் வெளியே போகாதே,
கதவே பார்த்துக்கொள்ளும்."

உள்ளங்கை அகலத்தில் கறுத்த சூரியத் தகடு.
அலுமினியப் பலகை, அதை இழுக்க ஒரு கயிறு,
மிளகளவு ஒரு கண்.
வெளிச்சம் வந்தால் திறக்கும். இருட்டினால் மூடும்.
பத்து மொழிகளில் விளக்கத்தாள்.
செய்த ஊர் எதுவோ,
அங்கே பகலும் இரவும்
அன்றாடம் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன போல.

நார்வேயின் தலைமாட்டில் கிடக்கிறது எங்கள் தீவு.
மே இருபதுக்கு மேல் சூரியன் விழுவதில்லை.
கடலைத் தொடப் போகும்,
என்னவோ நினைத்துக்கொண்டு
திரும்ப ஏறும்.

கடைசிப் படகில் சீட்டுக் கிழித்துவிட்டு
பதினொன்றரைக்கு வருகிறேன்.
கதவு மல்லாந்து திறந்து கிடக்கிறது.
உள்ளே கம்பின் மேல் ஆறு கோழிகளும் சேவலும்
இறகுக்குள் தலை புதைத்து உறக்கம்.
அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.
கதவுக்கு மட்டும் இன்னும் மத்தியானம்.

பாறை இடுக்கில் ஒரு மிங்க் குடியிருக்கிறது.
எய்லிஃபின் கூட்டில் பதினொன்றைக் கடித்துப் போட்டுவிட்டு
ஒன்றைக்கூடத் தின்னாமல் போனது.

சீவெர்ட் விட்டுப்போன கம்பளிக் காலுறை,
கறுப்பு, நல்ல கனம்.
அதைக் கண்ணுக்கு மாட்டினேன்.
முனகிக்கொண்டே இறங்கியது கதவு.

ஜூன் முழுக்க இதே பிழைப்பு.
ராத்திரியில் நான் வெளியே போகக் கூடாதென்று வந்த கதவுக்கு
ராத்திரி ஆகிவிட்டது என்று சொல்ல
ராத்திரியில் வெளியே போனேன்.
காலையில் காலுறையைக் கழற்ற இன்னொரு நடை.
"எப்படி இருக்கிறது?" என்பான் சீவெர்ட்.
"நன்றாக வேலை செய்கிறது" என்பேன்.
பொய்யில்லை.
அதுவும் செய்தது, நானும் செய்தேன்.

செப்டம்பரில் ஐந்து வாரம்
கதவும் வானமும் ஒத்துப்போயின.
காபியோடு ஜன்னலில் நின்று பார்த்தேன்.
திருமதி ருஸ்தாட் எப்போதும் கடைசி.
(கோழிதான். எங்கள் பழைய பள்ளி ஆய்வாளரின் நடை,
அதனால் அவர் பெயர்.)
பலகை இறங்க இறங்க,
பிரார்த்தனை தொடங்கியபின் தேவாலயத்துக்கு வருகிறவள் மாதிரி
அவசரமே இல்லாமல் நுழைவாள்.

நவம்பர் கடைசியில் சூரியன் போயிற்று.
தகட்டின் பனியைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தில் ஒரு நட்சத்திரம்.
பாட்டரியைக் கழற்றி வந்து
அடுப்படியில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டேன்.
மின்சாரம் ஏறியது.
கண்ணுக்கு விடியலை எங்கே போய் ஏற்றுவது?

சேவல் கூவித்தானா பொழுது விடியும்?
இந்தக் கேள்வியை இங்கே வந்து கேளுங்கள்.
எங்கள் சேவல் ஐந்துக்குக் கூவியது, ஏழுக்குக் கூவியது,
பதினொன்றுக்கும் கூவிப் பார்த்தது.
கிழக்கில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டேன்.
ஆணி பதித்த காலணி.
முதல் படகுக்கு நாற்பது நிமிஷம்.
கூட்டின் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து
மிளகளவு கண்ணுக்கு நேரே
என் நெற்றியை வைத்தேன்.
இருபது எண்ணுவதற்குள்
கதவு நம்பிவிட்டது.
முனகல். பலகை ஏறுகிறது.

வாசலில் திருமதி ருஸ்தாட்.
எதிரே இருட்டில் பனி, இருட்டில் கடல்,
நடுவே நான்,
தலையில் ஒற்றை வெளிச்சத்தோடு.
ஒரு காலைத் தூக்கியவள் ஊன்றவில்லை.
கழுத்தைச் சாய்த்து
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு உள்ளே திரும்பிவிட்டாள்.

தீவனத் தட்டைத் தள்ளிவிட்டு
விளக்கை அணைத்தேன்.
கதவு முழுக்க இறங்கட்டும் என்று
அங்கேயே நின்றேன்.
துறையில் படகு ஒருமுறை ஹாரன் அடித்தது.